ஒரு பெயர்க்கு இருவர் உரிமை கூறின்

தோற்றுவாய்

தமிழிலக்கிய வரலாறு பயில்வார்க்கு எதிர்ப்படும் இடர்ப்பாடுகளுள் ஒன்று, ஒரு பெயர் பலர்க்கு வழங்குதலாம். ஔவையார் என்னும் பெயரினர் ஒருவரல்லர், வெவ்வேறு காலத்து வாழ்ந்த பலராவர் என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். கபிலர் என்னும் பெயரும் அத்தகையதே. ஆயினும் இதனால் எவர்க்கும் பொருளிழப்பு நேர்வதில்லை. ஆராய்வார்க்கு உழைப்புச் சிறிது மிகும், அவ்வளவே. இணையத்தின்கண் வழங்கும் பெயர்க்கோ இத்தகைய நெகிழ்ச்சி இல்லை. ஆங்கு ஒரு பெயர் ஒருவர்க்கே உரியது. அப்பெயரை நாடி வரும் கடிதமும், பணமும், மறைச்செய்தியும் ஒரே வாயிலிற்சென்று சேரும். அவ்வாயிலின் திறவுகோலைத் தமதென்று இருவர் கூறுவாராயின், அதனை எவர் கையிற்கொடுப்பது?

இவ்வினா நீதிமன்றத்தில் எழுவதினும் மிகுதியாக, பெயர்களை உலகுக்கு அறிவிக்கும் தொழிலை மேற்கொண்ட நிறுவனங்களின் அலுவலகத்தில் நாள்தோறும் எழுகின்றது. அந்நிறுவனங்கள் டி.என்.எஸ். நிறுவனங்கள் எனப்படும். அவற்றின்கண் கணக்குத் திறந்த வாடிக்கையாளர் இருவர் ஒரே பெயரைத் தத்தம் கணக்கிற் சேர்க்க முற்படின், அந்நிறுவனம் யாது செய்யும், யாது செய்தல் முறை என்பதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

பெயர்முறையின் அமைப்பு

இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண்முகவரி உண்டு. எண்களை மனத்திற்கொள்ளுதல் மக்கட்கு அரிது. ஆதலின் அவற்றிற்குப் பெயரிட்டனர். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் அடங்கிய பட்டியொன்று அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்துக் காக்கப்பட்டது. ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். கணிப்பொறிகள் பெருகப் பெருக அம்முறை தாங்காதாயிற்று. எனவே 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் புதியதொரு முறையை வகுத்தார். அதுவே டொமைன் பெயர்முறை, சுருங்கக்கூறின் டி.என்.எஸ். 1987இல் திருத்தி வெளியிடப்பெற்ற அதன் விதிகளே இன்றும் அடிப்படையாய் நிற்கின்றன.

இம்முறையின் உயிர்நிலை பகிர்ந்தளித்தலாகும். ஒரு மரத்தை நினைத்துக்கொள்க. வேரின்கண் 13 பெயர்களையுடைய மூலவழங்கிகள் உள. அவை எல்லாப் பெயரையும் அறியா. ‘காம்’ என முடியும் பெயரை இன்னாரிடம் கேட்க, ‘இன்’ என முடியும் பெயரை இன்னாரிடம் கேட்க என்று கைகாட்டும் அளவே அவற்றின் தொழில். ‘காம்’ பதிவகத்தாரும் அவ்வாறே, ‘எக்சாம்பிள்.காம் என்னும் பெயர்க்குரிய விடையை இன்ன பெயர்வழங்கிகளிடம் கேட்க’ என்று கைகாட்டுவர். அப்பெயர்வழங்கிகளே இறுதி விடையைத் தருவன. இங்ஙனம் மேல்நிலையில் உள்ளார் கீழ்நிலையிலுள்ளார்க்குக் கைகாட்டிப் பொறுப்பை விடுதலை ஒப்படைப்பு என்போம். ஒரு பெயரின்கீழ் அடங்கிய விடைகளின் தொகுதியை மண்டலம் என்போம். இவ்விரு சொற்களையும் நினைவிற்கொள்ளின் மேல்வருவன யாவும் எளிதின் விளங்கும்.

நால்வர்

ஒரு பெயரைச் சூழ்ந்து நால்வர் நிற்கின்றனர். முதல்வர், பெயரைப் பதிந்துகொண்ட பதிவுடையார். இரண்டாமவர், அவரிடம் கட்டணம் பெற்றுப் பதிவு செய்விக்கும் பதிவாளர். மூன்றாமவர், ‘காம்’, ‘இன்’ போன்ற ஈறு ஒவ்வொன்றற்கும் முழுப்பட்டியைக் காக்கும் பதிவகத்தார். நான்காமவர், மண்டலத்தைத் தம் பெயர்வழங்கிகளில் வைத்து, கேட்டார்க்கெல்லாம் விடைகூறும் டி.என்.எஸ். நிறுவனத்தார். பதிவாளரும் டி.என்.எஸ். நிறுவனத்தாரும் ஒருவராகவே இருத்தலும் உண்டு. ஆயினும் இரண்டும் வெவ்வேறு தொழில்கள்.

நிலத்தை உவமையாகக்கொண்டு நோக்கின், பதிவாளரிடத்துள்ள பதிவு பத்திரம் போல்வது. டி.என்.எஸ். நிறுவனமோ அந்நிலத்தின் வாயிலில் நின்று வழிகேட்பார்க்கு வழிகூறும் காவலன் போல்வது. காவலனுக்கு நிலத்தின் உரிமை இன்னார்க்கென்று தீர்ப்புக்கூறும் அதிகாரம் இல்லை. அவன் பத்திரத்தைக் கண்டவனும் அல்லன். ஆயினும் இருவர் வந்து ‘யான் சொல்வதையே வழிகேட்பார்க்குக் கூறுக’ என்று கட்டளையிடுவாராயின், ஒருவர் சொல்லைக் கேட்டே தீரவேண்டிய நிலை அவனுக்கு உண்டாகின்றது. இதுவே சிக்கல்.

பெயர்பற்றிய வழக்குகளைத் தீர்க்க 1999ஆம் ஆண்டில் ஐக்கான் என்னும் அமைப்பு ஒரு பொதுநெறி வகுத்துள்ளதே எனின், அது வணிகக்குறி உடையார்க்கும் அக்குறியைத் தீயநோக்கோடு பெயராகப் பதிந்துகொண்டார்க்கும் இடைப்பட்ட வழக்கைப் பற்றியது. பெயரை எவர் பதிந்திருத்தல் தகும் என்பதே ஆங்கு வினா. ஈண்டு யாம் ஆராய்வதோ, பதிந்தவர் ஒருவர் இருக்க, மண்டலத்தை ஆளும் கணக்கு எது என்பதாம். முன்னது உரிமைபற்றியது, பின்னது ஆட்சிபற்றியது.

முரண் எழும் வழிகள்

முரண் என்றவுடன் கள்வனொருவன் உளன் என்று கருதற்க. பெரும்பான்மையும் இருதிறத்தாரும் நேர்மையாளராகவே இருப்பர். ஒருவர் பத்தாண்டு வைத்திருந்த பெயரைப் புதுப்பியாது விட, மற்றொருவர் அதனை முறையாகப் பதிந்துகொள்கின்றார். முன்னவருடைய பழைய மண்டலமோ நிறுவனத்தின் கணக்கில் அழியாது கிடக்கின்றது. பெயர் விலைக்கு மாறினும் இந்நிலையே. இன்னும் ஒருவர் தாமே திறந்த பழங்கணக்கின் கடவுச்சொல்லையும் அஞ்சல் முகவரியையும் மறந்து, புதுக்கணக்குத் திறந்து, தம்மோடு தாமே வழக்காடுதலும் உண்டு.

மற்றொரு வகை வருந்தத்தக்கது. சிற்றூர் மருத்துவமனையொன்று தனக்கென ஓர் இணையத்தளம் அமைக்க விரும்பி, அத்தொழில் வல்லார் ஒருவரை அமர்த்தியதாகக் கொள்வோம். அவர் எளிமைகருதி மண்டலத்தைத் தம் சொந்தக் கணக்கிலேயே அமைத்துவிடுகின்றார். சில ஆண்டு கழித்து அவர் வேறூர் செல்கின்றார். அல்லது கூலிபற்றிய மனவேற்றுமையாற் பிரிகின்றார். மருத்துவமனையார் புதிய பொறிக்குத் தம் தளத்தை மாற்ற முற்படுங்கால், ‘இப்பெயர் முன்னரே வேறொரு கணக்கில் உளது’ என்னும் விடையே கிடைக்கின்றது. பெயரைப் பதிந்தவர் அவர். ஆண்டுதோறும் கட்டணம் செலுத்துபவரும் அவர். ஆயினும் தம் வீட்டுக்கதவு தமக்கே திறவாத நிலையை எய்துகின்றனர்.

தீயோர் செயலும் இருவகைத்து. பிறர் பெயரை அவர் வருமுன்னரே தம் கணக்கிற் சேர்த்துவைத்து, உரியவர் சேர்க்கவொட்டாது தடுத்தல் ஒன்று. காவலற்றுக் கிடக்கும் பெயரைத் தம் கணக்கிற் சேர்த்து, அதன் விடைகளைத் தாமே கூறத்தொடங்குதல் மற்றொன்று. பின்னதன் கொடுமையைப் பின்னர்க் காண்பாம்.

முதல் முறை: முந்தினார்க்கே பெயர்

நிறுவனங்கள் இம்முரணைத் தீர்க்கக் கையாளும் முறைகளை மூன்றாகப் பகுக்கலாம். அவற்றுள் எளியது, முந்திச் சேர்த்தார்க்கே பெயர் என்பது. டிஜிட்டல்ஓஷன் என்னும் நிறுவனம் வாடிக்கையாளர் எல்லார்க்கும் ஒரே மூன்று பெயர்வழங்கிகளையே தருகின்றது. எல்லார்க்கும் வழங்கிகள் பொதுவாயின், ஒரு பெயர்க்கு இரண்டு மண்டலம் இருத்தல் இயலாது. கேட்பவனுக்கு எதனை விடையாகக் கூறுவது? ஆதலின் இரண்டாவதாக வந்தவரை நிறுவனம் தடுத்துவிடும். தடுக்கப்பட்டவர் உதவிப் பிரிவுக்கு முறையிடல் வேண்டும்.

இம்முறையின் குறை வெளிப்படை. முந்துதல் உரிமைக்குச் சான்றாகாது. மேலும், முறையீட்டை விசாரிக்கும் அலுவலர் சான்று யாதென்று கேட்பார்? முற்காலத்தில் ஹூயிஸ் என்னும் பொதுப்பட்டியை நோக்கின் பதிவுடையார் பெயரும் அஞ்சலும் தெரிந்தன. 2018ஆம் ஆண்டு ஐரோப்பியத் தனிமறைக் காப்புச்சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அவை பெரும்பாலும் மறைக்கப்பட்டன. பொது ஈறுகளைப் பொறுத்தமட்டில் ஹூயிஸ் வழங்கும் கடமையே 2025 ஜனவரியில் நீங்கி, ஆர்டாப் என்னும் புதுமுறை அதனிடத்தைப் பெற்றது. ஆகவே அலுவலர் கட்டணச்சீட்டு, நிறுவனச் சான்றிதழ் முதலியவற்றைக் கேட்க நேரும். அவற்றைப் போலியாக ஆக்குதல் தீயோர்க்கு அரிதன்று. கண்மங்கிய ஈசாக்கு, குரலை ஐயுற்றும் கையைத் தடவிப்பார்த்து ஏமாந்த வரலாறு நாம் அறிந்ததன்றோ? பிறர் கொணரும் அடையாளத்தை நம்பித் தீர்ப்பளிப்பார்க்கு அவ்விடர் என்றும் உண்டு.

இரண்டாம் முறை: கணக்குக்கொரு வழங்கித்தொகுதி

இரண்டாம் முறை நுட்பமானது. அமேசான் நிறுவனம் 2010 டிசம்பரில் தொடங்கிய ரூட் 53 என்னும் சேவை இம்முறையினது. பெயர்முறை இயங்கும் துறையின் எண் 53 ஆதலின் அப்பெயர் பெற்றது. இச்சேவையில் எவரும் எப்பெயர்க்கும் மண்டலம் அமைத்துக்கொள்ளலாம். உரிமைச் சான்று கேட்பதில்லை. ஆயின் ஒவ்வொரு மண்டலத்திற்கும் நான்கு பெயர்வழங்கிகள் கொண்ட ஒரு தொகுதி அளிக்கப்படும். ஒரே பெயர்க்கு இரண்டாவது மண்டலம் அமைக்கப்படின், முன்னதன் தொகுதியோடு பொருந்தாத வேறு நான்கு வழங்கிகளே அதற்குக் கிடைக்கும். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அஸ்யூர் சேவையும் இவ்வாறே ஒரே பெயருடைய மண்டலங்கட்கு வெவ்வேறு வழங்கிகளை அளிக்கின்றது.

இதனால் விளைவது யாது? பத்துப்பேர் ஒரே பெயர்க்கு மண்டலம் அமைப்பினும், பதிவாளரிடத்து எத்தொகுதி எழுதப்பட்டுளதோ அத்தொகுதிக்குரிய மண்டலமே உலகினராற் கேட்கப்படும். ஏனைய ஒன்பதும் எவரும் வந்து வினவாத ஊமைச்சாட்சிகளாய்க் கிடக்கும். பதிவாளரிடத்துத் தொகுதியை எழுதவல்லார் பதிவுடையார் ஒருவரே. எனவே நிறுவனம் தான் தீர்ப்பளியாது, தீர்ப்பைப் பத்திரத்தின்பால் விட்டுவிடுகின்றது.

கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இதனையே சிறிது மாற்றிக் கையாள்கின்றது. மக்கட்பெயர் தாங்கிய பல வழங்கிகளை அது வைத்துளது. கணக்கிற் சேர்த்த பெயர்க்கு அவற்றுள் இரண்டை இணையாகத் தரும். முன்னரே ஒரு கணக்கிலுள்ள பெயரை மற்றொருவர் சேர்ப்பின், அவர்க்கு வேறோர் இணை கிடைக்கும். அவ்விணை பதிவாளரிடத்து எழுதப்பட்டதைக் காணுமளவும் புதுமண்டலம் காத்திருக்கும். கண்டபின் அது உயிர்பெறும், பழையது பெயர்ந்துவிட்டதாகக் குறிக்கப்படும்.

சாலொமோன் அரசன்முன் குழந்தை ஒன்றற்கு இருவர் தாய்மை கூறிநின்ற வரலாற்றை நினைவுகூர்க. அரசன் இருவர் வாய்மொழியையும் எடைபோட்டுக்கொண்டிருந்தானல்லன். உண்மைத்தாயினிடத்து மட்டுமே தோன்றக்கூடிய ஒன்று வெளிப்படுமாறு ஒரு சோதனையை அமைத்தான். இவ்விரண்டாம் முறையும் அத்தகையது. ‘யான் உரியன்’ என்று எவரும் சொல்லலாம். பதிவாளர் ஏட்டை மாற்றுதலோ உரியவர்க்கே இயலும்.

ஆயினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. வழங்கித்தொகுதிகள் எண்ணிக்கையில் அடங்கியவை. ஒரே பெயர்க்குப் பலர் மண்டலம் அமைத்துக்கொண்டே செல்லின் தொகுதிகள் தீர்ந்துபோம். அந்நிலை வருங்கால் ரூட் 53 புதிய மண்டலத்தை மறுத்து, உண்மை உரியவராயின் உதவிப் பிரிவை அணுகுக என்று அறிவிக்கின்றது.

மூன்றாம் முறை: சான்றுப்பதிவு

மூன்றாவது, சான்றுப்பதிவு கேட்டல். நிறுவனம் ஊகிக்கவியலாத எழுத்துத்தொடர் ஒன்றை அளித்து, ‘இதனை உன் பெயரின்கீழ் ஒரு டெக்ஸ்ட் பதிவாக வைக்க’ என்னும். அது வைக்கப்பட்டதைக் கண்டபின் பெயரை ஏற்கும். மறைகுறிச் சான்றிதழ் வழங்குவாரும், அஞ்சற்சேவை நடத்துவாரும் பெயரைச் சோதிக்க இதனையே பெரிதும் கையாள்கின்றனர்.

பார்வைக்கு இது குற்றமற்ற முறையாகத் தோன்றும். ஆயின் யாம் ஆராயும் முரணில் இதனைப் பொருத்திப் பார்க்குங்கால் ஓர் அடைப்பு வெளிப்படுகின்றது. மேற்கூறிய மருத்துவமனையை மீண்டும் நோக்குக. அதன் மண்டலம் பிரிந்துசென்றவர் கணக்கில் உளது. டெக்ஸ்ட் பதிவை வைக்கவேண்டுமாயின் அம்மண்டலத்தில் அன்றோ வைக்கவேண்டும்? அதனைத் தொடும் ஆட்சியோ மருத்துவமனையார்க்கு இல்லை. எவர்பால் முறையிட்டாரோ அவரே சான்றும் எழுதித்தரவேண்டிய நிலை இது. மாறாக, பிரிந்துசென்றவர் பதிவுரிமை சிறிதும் இலராயினும் அப்பதிவை நொடியில் வைத்துக் காட்டுவார்.

இதனின்று ஒரு முடிபு பெறப்படும். மண்டலத்தினுள் வைக்கும் சான்று ஆட்சியைக் காட்டும்; உரிமையைக் காட்டாது. மண்டலத்திற்கு மேலே, பதிவாளரிடத்து ஒப்படைப்பில் வைக்கும் சான்றே உரிமைக்கு அணித்தானது. ஆதலின் முரண் எழுந்தவிடத்து நேரிய நிறுவனம் கேட்கத்தக்கது, ‘யாம் தரும் இப்புதிய வழங்கிப்பெயரைப் பதிவாளரிடத்து எழுதிக்காட்டுக’ என்பதேயாம். பொதுவழங்கியை உடைய நிறுவனமும், சோதனைக்கெனத் தனிவழங்கிப் பெயர் ஒன்றனை வைத்துக்கொண்டு இதனைச் செய்யலாம். அன்றி, மருத்துவமனையார் தம் பெயரை வேறொரு நிறுவனத்தின் வழங்கிகட்கு மாற்றி, ஆங்கு டெக்ஸ்ட் பதிவை வைத்துக் காட்டினும் அமையும். ஒப்படைப்பை மாற்றவல்லார் என்பது அதனாலேயே புலனாகும்.

கிளைப்பெயர் முரண்

இன்னும் நுண்ணியதொரு முரண் உண்டு. ஒருவர் கணக்கில் எக்சாம்பிள்.காம் என்னும் மண்டலம் இருக்க, வேறொருவர் மெயில்.எக்சாம்பிள்.காம் என்று அதன் கிளையைத் தம் கணக்கில் மண்டலமாக அமைப்பதாகக் கொள்க. பெயர் முற்றும் ஒன்றல்லாமையின் பொதுநோக்கில் முரண் தோன்றாது. ஆயின் பெயர்வழங்கியின் இயல்பு யாதெனின், தன்னிடத்துள்ள மண்டலங்களுள் வினவப்பட்ட பெயர்க்கு மிக நெருங்கியது எதுவோ அதனினின்றே விடைகூறுதலாகும். இது 1987ஆம் ஆண்டு விதிகளிலேயே கூறப்பட்டது. இரண்டு மண்டலமும் ஒரே வழங்கியில் அமையின், கிளையை அமைத்தவர் தாயை உடையவரின் அஞ்சல் வாயிலைக் கவர்ந்துகொள்வார். பெயரைக் கவராது பெயரின் ஓர் உறுப்பைக் கவர்தல் இது.

இதுபற்றியே ரூட் 53 ஒத்த பெயரை மட்டுமன்றி, தாய்ப்பெயரும் கிளைப்பெயரும் ஒரு வழங்கியிற் சேரவொட்டாது தடுக்கின்றது. ‘கோ.இன்’ போன்ற பொது ஈற்றையே ஒருவர் மண்டலமாக அமைக்க முற்படின் தீங்கு இன்னும் பெரிது. ஓர் ஊரைப் பதிந்துகொண்டு அவ்வூரார் வீடனைத்தும் தமதென்பார் செயலாகும் அது. அத்தகைய பொது ஈறுகள் தொகுக்கப்பட்ட பட்டி ஒன்று உளது. மொசில்லா நிறுவனத்தார் தொடங்கிய அப்பட்டியை நோக்கி இவற்றை விலக்குதல் நிறுவனத்தார் கடமையாகும்.

முறை தவறியதால் விளைந்தன

இவை யாவும் ஏட்டளவில் நிற்கும் ஐயங்கள் அல்ல. 2016ஆம் ஆண்டில் மேத்யூ பிரையன்ட் என்னும் ஆராய்ச்சியாளர், ஒப்படைப்பு ஒரு நிறுவனத்தைச் சுட்டியிருப்பினும் அந்நிறுவனத்தில் எவர் கணக்கிலும் மண்டலமாக இல்லாத பெயர்களைத் தேடினார். டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 பெயர்கள் அந்நிலையிற் கிடந்தன. பின்னர் அமேசான், கூகுள், ராக்ஸ்பேஸ் ஆகிய நிறுவனங்களையும் சேர்த்து நோக்க, ஏறத்தாழ 1,20,000 பெயர்கள் எவரும் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலையில் இருந்தமை புலனாயிற்று. தொகுதி வேறுபடுத்தும் முறையுடைய நிறுவனத்திலும் இஃது எங்ஙனம் இயலும் எனின், பழைய மண்டலம் அழிக்கப்பட்டபின் அதன் வழங்கிகள் எவர்க்கும் அளிக்கத்தக்கனவாய்விடுகின்றன. மீண்டும் மீண்டும் மண்டலம் அமைத்தும் அழித்தும் வருவார்க்கு என்றேனும் பழைய வழங்கி ஒன்று வாய்த்துவிடும்.

2018 டிசம்பர் 13ஆம் நாள் அமெரிக்காவிலும் கனடாவிலும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. கட்டடத்தில் வெடிகுண்டு உளது, 20,000 டாலர் பிட்காயினாகத் தருக என்பது அதன் செய்தி. பலவிடத்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். குண்டு யாதும் இல்லை. அக்கடிதங்கள் அடையாளம் மறைத்த முகவரியினின்றும் வந்தனவல்ல. புகழ்பெற்றோர் பதிந்து, பயன்படுத்தாது விட்டிருந்த பெயர்களினின்றும் வந்தன. அவை கோடாடி நிறுவனத்தின் வழங்கிகட்கு ஒப்படைக்கப்பட்டிருந்தன; உரிமைச் சான்று கேளாமையின் தீயோர் அவற்றைத் தம் கணக்கிற் சேர்த்துக்கொண்டனர் என்று 2019 ஜனவரியில் வெளிப்பட்டது. நிறுவனமும் குறையை ஒப்புக்கொண்டு திருத்த முற்பட்டது.

ஆயினும் நோய் முற்றும் நீங்கிற்றில்லை. 2024 ஜூலையில் இன்ஃபோபிளாக்ஸ், எக்லிப்சியம் என்னும் இரு நிறுவனத்தார் இவ்வகைத் திருட்டை ‘சிட்டிங் டக்ஸ்’, அஃதாவது அசையாதமர்ந்த வாத்துகள், என்று பெயரிட்டு அறிவித்தனர். 2018 முதல் 35,000க்கு மேற்பட்ட பெயர்கள் இவ்வழியிற் கவரப்பட்டன என்றும், எந்நாளிலும் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட பெயர்கள் இவ்விடர்க்கு ஆளாகி நிற்றல் கூடும் என்றும் அவர் மதிப்பிட்டனர். பெயரைக் கவர்ந்தார் அப்பெயரால் அஞ்சல் விடுக்கலாம், வரும் அஞ்சலைப் பெறலாம், அப்பெயர்க்கு மறைகுறிச் சான்றிதழும் பெறலாம். கடவுச்சொல் மறந்தேன் என்று சொல்லிப் பிற கணக்குகளையும் திறந்துகொள்ளலாம். ஆதலின் பெயர் இழந்தார் பெயர் ஒன்றையே இழந்தாரல்லர்.

தோற்றார்க்குச் செய்யும் முறை

முரண் தீர்ந்தபின் தோற்றவர் கணக்கை நிறுவனம் எவ்வாறு நடத்துதல் தகும்? இருதிறத்தாரும் நேர்மையாளராதல் கூடும் என்று முன்னர்க் கூறினோம். ஆதலின், முதற்கண் அவர்க்கு அறிவிப்பு விடுத்தல் வேண்டும். அடுத்து, பழைய மண்டலத்தை அன்றே அழித்தலாகாது. ‘காம்’ பதிவகத்தார் தரும் ஒப்படைப்பு 1,72,800 நொடிகள், அஃதாவது இரண்டு நாள், பிறரது நினைவில் நிற்கத்தக்கது. ஒப்படைப்பு மாறியபின்னும் அவ்வளவு காலம் சிலர் பழைய வழங்கிகளையே வினவுவர். பழையதை உடனே அழிப்பின் அவர் விடையின்றித் திரும்புவர்.

மூன்றாவதாக, பழைய மண்டலத்தில் எழுதப்பட்டனவற்றைப் புதியவர்க்கு எடுத்துக்கொடுத்தலும் தகாது. வீடு வென்றார்க்கு வீடு உரியது. முன்னிருந்தார் பெட்டியிலுள்ள கடிதங்கள் உரியனவல்ல. புதுக்கணக்கு வெறுமண்டலத்தோடு தொடங்குதலே நேரிது.

பதிவுடையார் கடமை

நிறுவனத்தார் எவ்வளவு விழிப்போடிருப்பினும் பதிவுடையார் உறங்குவாராயின் பயனில்லை. அவர் செய்யவேண்டுவன சிலவே.

முதலாவது, வரிசை பிறழாமை. ஒரு நிறுவனத்தை விட்டு நீங்குங்கால் முதலிற் பதிவாளரிடத்து ஒப்படைப்பை மாற்றுக. இரண்டு மூன்று நாள் கழித்துப் பழைய மண்டலத்தை அழிக்க. முதலில் மண்டலத்தை அழித்து ஒப்படைப்பை அப்படியே விடுதல், வீட்டைக் காலிசெய்து, கதவைத் திறந்துபோட்டு, வாயிலிற் பெயர்ப்பலகையை மட்டும் விட்டுச்செல்வதை ஒக்கும். இரண்டாவது, பதிவாளர் கணக்கும் டி.என்.எஸ். கணக்கும் பணியாளர் பெயரில் இராது நிலையத்தின் பெயரிலேயே இருக்கச்செய்தல். தொழில் வல்லார்க்கு வேலைசெய்யும் அனுமதி அளிக்கலாம், கணக்கையே அளித்தலாகாது. மூன்றாவது, பயன்படுத்தாத பெயரின் ஒப்படைப்பையும் ஆண்டுக்கொருமுறையேனும் நோக்குதல். நான்காவது, இயலுமாயின் டி.என்.எஸ்.செக் என்னும் கையொப்பமுறையை மேற்கொள்ளுதல். அதன்கண் மண்டலத்தின் திறவுகோற்குறி பதிவகத்தில் எழுதப்படும். பிறரொருவர் அப்பெயர்க்கு மண்டலம் அமைப்பினும் அவர் கையொப்பம் அக்குறியோடு பொருந்தாமையின், சோதித்து ஏற்கும் வினவிகள் அவர் விடையைத் தள்ளிவிடும். ஆயின் அம்முறையை மேற்கொண்டார் நிறுவனம் மாறுங்கால் குறியையும் முறைப்படி மாற்றல்வேண்டும்; மறப்பின் தம் பெயரைத் தாமே மறைத்தவராவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், டி.என்.எஸ். நிறுவனம் உரிமையைத் தீர்க்கும் நீதிபதியன்று என்பதும், எனினும் ஆட்சியை ஒருவர் கையிற்கொடுத்தே தீரவேண்டியது என்பதும், முந்தினமையும் வாய்மொழியும் போதிய சான்றாகா என்பதும், ஒப்படைப்பில் வெளிப்படும் சான்றே அவற்றினும் உறுதியுடையது என்பதும் பெறப்பட்டன. ஆட்சியும் உரிமையும் ஒருவர்பாலே அமையுமளவும் அவை இரண்டென்னும் உணர்ச்சியே நமக்குத் தோன்றுவதில்லை, பிரிந்தபொழுதே தோன்றும். அப்பொழுது அறிந்து வருந்துதலினும் முன்னரே அறிந்து காத்தல் நன்று.

நம்மனோர் பலர் கல்லூரியை விட்டு நீங்கியபின் பள்ளி, மருத்துவமனை, திருச்சபை, சங்கம் முதலியவற்றில் பணியாற்றச் செல்வர். ஆங்கெல்லாம் இன்று இணையப்பெயர் ஒன்று உளது. அது யார் பெயரிற் பதியப்பட்டுளது, அதன் மண்டலம் எவர் கணக்கில் உளது என்று சென்ற முதற்றிங்களிலேயே கேட்டறிவாராயின், அதுவே அந்நிலையத்திற்கு அவர் செய்யும் முதற்றொண்டாகும். நற்பெயர் ஈட்டுதல் அரிது. ஈட்டியதைக் காத்தல் அதனினும் அரிது.